பழம்பெருமையும் புதுவெற்றியும்

கல்லூரி ஒன்றின் பெருமைக்கும் பந்து விளையாட்டு ஒன்றிற்கும் என்ன தொடர்பு என்று நம்மில் பலர் வினவக்கூடும். நம் நாட்டில் ஒரு கல்லூரியின் பெயர் அதன் தேர்ச்சியாலும், அங்குப் பயின்று உயர்ந்தோராலும் நிலைபெறுகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ நிலைமை சற்று வேறுபட்டது. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் 68 கல்லூரி அணிகள் தேசியக் கூடைப்பந்துப் போட்டிக்குத் தெரிந்தெடுக்கப்படுகின்றன. ஓர் ஆட்டத்தில் தோற்ற அணி அன்றே வெளியேற வேண்டியதுதான். ஏறத்தாழ மூன்று வாரங்கள் நாடெங்கும் அதே பேச்சு. அப்பொழுது எழும் வாதங்களுள் என்றும் தீராத வாதம் ஒன்று உண்டு. கூடைப்பந்தில் தலைசிறந்த கல்லூரி எது என்பதே அது.

இக்கேள்விக்கு இரு சாரார் இரு வகையாக விடை கூறுவர். ஒரு சாரார் நூறாண்டு வரலாற்றைப் புரட்டிக் காட்டுவர். மற்றொரு சாரார் அண்மையில் வென்றவர் யார் என்று மட்டுமே கேட்பர். முன்னவர் பேசுவது மதிப்பைப் பற்றி. பின்னவர் பேசுவது வெற்றியைப் பற்றி. இவ்விரண்டும் ஒன்று போலத் தோன்றினும் ஒன்றல்ல. வெற்றி வந்து நெடுநாள் சென்ற பின்னரே மதிப்பு வந்து சேர்கிறது; வெற்றி நீங்கிய பின்னரும் நெடுநாள் தங்கி விடுகிறது. இவ்வளவோடு நின்றிருந்தால் இதனை விளையாட்டு ஆர்வலரின் பொழுதுபோக்கு வாதம் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த மதிப்பு எவ்வாறு உண்டாயிற்று, அதில் யாருக்குப் பங்கு மறுக்கப்பட்டது என்று ஆராயப் புகுந்தால், அந்நாட்டுச் சமுதாய வரலாற்றின் ஒரு பகுதியே நம் கண்முன் விரிகிறது.

மதிப்பில் முதன்மை பெற்ற கல்லூரிகளை அமெரிக்கப் பத்திரிகையாளர் ‘நீல இரத்தம்’ உடையவை என்று குறிப்பிடுவர். ஸ்பெயின் நாட்டுப் பிரபுக்கள் தம் குலத் தூய்மையைப் பறைசாற்ற வழங்கிய தொடர் அது. தமிழில் ‘குடிப்பெருமை’ எனலாம். கான்சாஸ், கென்டக்கி, வட கரோலினா, டியூக், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழகம் ஆகிய ஐந்தும் இவ்வரிசையில் வழக்கமாக வைத்து எண்ணப்படுவன. இந்தியானாவையும் சேர்ப்போர் உண்டு. பிறப்பால் வந்தது போல ஒலிக்கும் இச்சொல், உண்மையில் ஓர் ஆசிரியரிடமிருந்து தொடங்கிய மாணாக்கர் பரம்பரையையே குறிக்கிறது.

அந்த ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கனடாவிற் பிறந்த இவர், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், இளைஞர் கிறித்தவர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். பனிக்காலத்தில் வெளியே விளையாட இயலாத மாணவர்க்குக் கூடத்தினுள் ஆடத்தக்க ஆட்டம் ஒன்று தேவைப்பட்டது. 1891ஆம் ஆண்டு டிசம்பரில், பத்தடி உயரத்தில் இரண்டு பழக் கூடைகளை மாட்டி, 13 விதிகளை வகுத்து, அவர் இவ்விளையாட்டைத் தொடங்கி வைத்தார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தாம் 1920இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவியவர். ஆகவே நம் பள்ளித் திடல்களில் நின்ற கூடைக் கம்பங்களுக்கும் அந்தப் பழக் கூடைகளுக்கும் உறவு உண்டு.

நெய்ஸ்மித் 1898இல் கான்சாஸ் பல்கலைக் கழகத்திற்குச் சென்று, அதன் முதற் பயிற்சியாளரானார். இங்கே ஒரு வியப்பு. அவர் பொறுப்பில் அணி வென்ற ஆட்டங்கள் 55, தோற்றவை 60. வெற்றியை விடத் தோல்வியை மிகுதியாகக் கண்ட பயிற்சியாளர் அப்பல்கலைக் கழக வரலாற்றில் அவர் ஒருவரே. ஆட்டத்தை வெல்வதற்குரிய கருவியாக அன்றி, உடலையும் ஒழுக்கத்தையும் பண்படுத்தும் கல்வியாகவே அவர் கருதினார். வெல்லும் கலையை வளர்த்தவர் அவர்தம் மாணவர் ஃபாக் ஆலன். ஆலனிடம் பயின்ற அடால்ப் ரப், 1930 முதல் 1972 வரை கென்டக்கி அணியைப் பயிற்றுவித்து 876 வெற்றிகளைக் கண்டார். ஆலனிடம் பயின்ற மற்றொருவரான டீன் ஸ்மித், 1961 முதல் 1997 வரை வட கரோலினாவிலிருந்து 879 வெற்றிகளை ஈட்டினார். கான்சாஸ், கென்டக்கி, வட கரோலினா என்னும் மூன்று ‘குடி’களும் இவ்வாறு ஒரே ஆசிரியர் மரபின் கிளைகளாயின.

ஆனால் அம்மரத்திற்கு வேறொரு கிளையும் இருந்தது. 1930களில் கான்சாஸ் பல்கலைக் கழகத்தில் ஜான் மெக்லண்டன் என்னும் கறுப்பின மாணவர் பயின்றார். உடற்கல்வித் துறையில் நெய்ஸ்மித் அவருக்கு ஆசானாகவும் நல்வழி காட்டுபவராகவும் விளங்கினார். எனினும் பல்கலைக் கழக அணியில் ஆட அவருக்கு இடமில்லை. நிறம் தடையாய் நின்றது. பட்டம் பெற்ற மெக்லண்டன், வட கரோலினா மாநிலத்து டர்ஹம் நகரில் கறுப்பினத்தவர்க்கென நடந்த கல்லூரி ஒன்றில் பயிற்சியாளரானார். விரைந்து ஓடி ஆடும் ஆட்ட முறையைச் செம்மைப்படுத்தினார். டியூக் பல்கலைக் கழகம் அதே நகரில் உள்ளது. இரு நிலையங்களுக்கும் இடையே தொலைவு சிறிது. சட்டமும் வழக்கமும் எழுப்பிய சுவரோ பெரிது.

1944ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமைக் காலை. ஊர் மக்கள் தேவாலயங்களில் இருந்த நேரம். டியூக் மருத்துவப் பள்ளியின் வெள்ளையர் அணி மறைவாக மெக்லண்டனின் கல்லூரிக்கு வந்தது. கதவுகள் பூட்டப்பட்டன, காண்போர் இருக்கைகள் வெறுமையாக இருந்தன. கடிகாரமும் நடுவரும் உண்டு. ஆட்டம் முடிந்தபோது மெக்லண்டனின் அணி 88 புள்ளிகளும், டியூக் மருத்துவ மாணவர் 44 புள்ளிகளும் பெற்றிருந்தனர். அதன்பின் இரு அணியினரும் கலந்து பிரிந்து மீண்டும் ஓர் ஆட்டம் ஆடினர். செய்தி வெளிப்பட்டிருப்பின் ஆடியவர்க்குப் பெருந்தீங்கு நேர்ந்திருக்கும். எனவே அனைவரும் வாய் திறவாதிருந்தனர். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்தே அவ்வாட்டம் உலகறியலாயிற்று.

தரவரிசை என்பது அக்காலத்தில் எவ்வாறு தோன்றியது என்பதை இனிக் காண்போம். 1938இல் நியூயார்க் நகரின் மாடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் அழைப்புப் போட்டி ஒன்று தொடங்கிற்று. மறு ஆண்டு, 1939இல், பயிற்சியாளர் சங்கத்தினர் எட்டு அணிகளைக் கொண்டு தேசியப் போட்டியை நடத்தினர். முதல் வாகையை ஒரிகான் சூடியது. போட்டி நட்டத்தில் முடிந்தது. நெய்ஸ்மித் மறைந்ததும் அவ்வாண்டே. 1949 ஜனவரியில், அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பத்திரிகையாளரின் வாக்குகளைத் திரட்டி, வாரந்தோறும் அணிகளை வரிசைப்படுத்தலாயிற்று. இதனினும் விந்தையான வழக்கமும் உண்டு. போட்டியே இல்லாத பழைய ஆண்டுகளுக்கும், ஹெல்ம்ஸ் என்னும் அறநிலையம் பின்னாளில் ‘வாகையர்’ பெயர்களை அறிவித்தது. அவ்வாறு பிற்காலத்தே சூட்டப்பட்ட 1922, 1923ஆம் ஆண்டு மகுடங்களைக் கான்சாஸ் இன்றும் தன் அரங்கில் கொடியாகத் தொங்கவிட்டிருக்கிறது. மதிப்பு என்பது பழைய நாட்களை நோக்கியும் கட்டப்படும் மாளிகை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மதிப்பு தன்னை உடையவர்க்குக் கவசமாகவும் அமைகிறது. 1950ஆம் ஆண்டு நியூயார்க் நகரக் கல்லூரி, அழைப்புப் போட்டி, தேசியப் போட்டி ஆகிய இரண்டிலும் ஒரே ஆண்டில் வாகை சூடியது. அதற்கு முன்னும் பின்னும் எவரும் செய்யாத செயல் அது. கட்டணமின்றிக் கல்வி தந்த அந்நிலையத்தில் யூதக் குடும்பத்துப் பிள்ளைகளும் கறுப்பினப் பிள்ளைகளும் தோளோடு தோள் நின்று ஆடினர். அழைப்புப் போட்டியில் அவர்கள் கென்டக்கியை 89க்கு 50 என்னும் கணக்கில் முறியடித்தனர். மறு ஆண்டே பேரிடி விழுந்தது. சூதாடிகளிடம் பணம் பெற்றுக்கொண்டு, அவர்கள் விரும்பியவாறு புள்ளி வேறுபாட்டைக் கூட்டியும் குறைத்தும் ஆடினர் என்று பல கல்லூரிகளின் ஆட்டக்காரர் கைது செய்யப்பட்டனர். நகரக் கல்லூரியினரும் அவருள் இருந்தனர். கென்டக்கியின் முன்னாள் ஆட்டக்காரரும் இருந்தனர்.

குற்றம் ஒன்றே, விளைவு வேறு. நகரக் கல்லூரி பெரிய அரங்கங்களை விட்டு விலகிச் சிறு கல்லூரிகளின் பிரிவுக்கு இறங்கியது. மீண்டும் உச்சிக்கு ஏறவே இல்லை. கென்டக்கியோ 1952-53ஆம் பருவம் முழுவதும் ஆடாது நிறுத்தப்பட்டது. அடுத்த பருவத்தில் 25 ஆட்டங்களையும் வென்றது. 1958இல் மீண்டும் வாகை சூடியது. மாநிலம் முழுவதன் பற்றும், பொருளும், பெயரும் கென்டக்கிக்குப் பின்னால் நின்றன. வீழ்ந்தவர் எல்லோரும் எழுவதில்லை, பெயருடையவர் எழுகின்றனர்.

நிறத் தடையோ இன்னும் ஆழமானது. 1957இல் வட கரோலினா ஓர் ஆட்டமும் தோற்காமல், கான்சாஸை மூன்று கூடுதல் நேர ஆட்டங்களுக்குப் பின் 54க்கு 53 என்று வென்று, முதன்முதலாகத் தேசிய வாகை சூடியது. தோற்ற கான்சாஸ் அணியின் தூணாக விளங்கியவர் வில்ட் சேம்பர்லின் என்னும் கறுப்பின இளைஞர். வென்ற வட கரோலினாவில் அவரைப் போன்ற ஒருவர் அன்று இடம்பெற இயலாது. அதே 1957 தொடங்கி 1959 வரை மூன்றாண்டுகள் தொடர்ந்து, மெக்லண்டன் பயிற்றுவித்த டென்னசி வேளாண் தொழிற் கல்லூரி, சிறு கல்லூரிகளுக்கான மற்றொரு தேசியப் போட்டியில் வாகை சூடியது. பெரிய கல்லூரிகளின் வாகையை மட்டுமே எண்ணும் பட்டியல்களில் இம்மூன்றும் இல்லை.

சுவர் மெல்ல மெல்லவே விரிசல் கண்டது. மிசிசிப்பி மாநிலப் பல்கலைக் கழகம், கறுப்பினத்தவர் உள்ள அணிகளோடு ஆடலாகாது என்னும் எழுதா விதிக்குக் கட்டுப்பட்டுத் தேசியப் போட்டி வாய்ப்புகளைக் கைவிட்டு வந்தது. 1963இல், தடையாணை கையில் சேருமுன் அதன் அணியினர் மாநிலத்தை விட்டு இரகசியமாகப் புறப்பட்டனர்; மிச்சிகன் மாநிலத்தில் சிகாகோ லயோலா அணியோடு ஆடி, 61க்கு 51 என்று தோற்றுத் திரும்பினர். லயோலாவின் முதல் ஐவருள் நால்வர் கறுப்பினத்தவர். அந்த லயோலாவே அவ்வாண்டு வாகை சூடியது. 1966இல், எல் பாசோ நகரின் டெக்சஸ் வெஸ்டர்ன் கல்லூரி, இறுதி ஆட்டத்தில் கறுப்பின வீரர்களை மட்டுமே களமிறக்கி, வெள்ளையர் மட்டுமே நிறைந்த கென்டக்கியை 72க்கு 65 என்று வென்றது. அப்பொழுதும் கென்டக்கி அணியில் முதற் கறுப்பின ஆட்டக்காரர் களங்காண 1970-71ஆம் பருவம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நான்காவது ‘குடி’ மேற்குக் கரையில் எழுந்தது. ஜான் வுடன் 1948இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக் கழகத்திற்கு வந்தார். முதல் வாகை 1964இல் கிட்டியது; இடையே பதினைந்து பருவங்கள் தேசிய வாகையின்றிக் கழிந்தன. பின்னர் 1975க்குள் பத்து வாகைகள். அவற்றுள் ஏழு தொடர்ந்து வந்தவை. தொடர்ச்சியாக 88 ஆட்டங்களில் வெற்றி. இதற்கு ஈடான செயல் ஆடவர் கல்லூரிக் கூடைப்பந்தில் இல்லை. எனினும் எண்ணுவோர் ஒன்றை மறத்தலாகாது. அப்பத்து வாகைகளுள் ஒன்பதிற்கு, ஒவ்வொரு முறையும் நான்கு ஆட்டங்களை வென்றாற் போதும். 1985இல் போட்டி 64 அணிகளாக விரிந்தது முதல் ஆறு ஆட்டங்களை வெல்ல வேண்டும். எண் ஒன்றே ஆயினும் அதன் எடை காலத்துக்குக் காலம் மாறுகிறது.

பொறுமைக்கு டியூக் மற்றொரு சான்று. மைக் ஷஷெவ்ஸ்கி 1980இல் பொறுப்பேற்றார். 1982, 1983 ஆகிய இரு பருவங்களிலும் தோல்விகளே மிகுந்தன. நிர்வாகத்தினர் அவரை நீக்கவில்லை. 1991 முதல் 2015 வரை ஐந்து வாகைகளை அவர் ஈட்டித் தந்தார். 2022இல் ஓய்வு பெற்றார். இன்று ஓரிரு பருவத் தோல்விக்கே பயிற்சியாளரை மாற்றும் கல்லூரிகள் பல. வுடனுக்கும் ஷஷெவ்ஸ்கிக்கும் கிட்டிய அவகாசம் அவர்களுக்கு அன்று மறுக்கப்பட்டிருந்தால், ‘குடிப்பெருமை’ கொண்ட ஐந்தில் இரண்டு இன்று இரா.

இனி அண்மைக் காலத்திற்கு வருவோம். 2025ஆம் ஆண்டு வரையிலான ஆடவர் போட்டிக் கணக்கில் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு 11 வாகைகள், கென்டக்கிக்கு 8, வட கரோலினாவுக்கும் கனெடிகட்டுக்கும் தலா 6, டியூக்குக்கும் இந்தியானாவுக்கும் தலா 5, கான்சாஸுக்கு 4. இவ்வரிசையை ஆண்டுகளோடு சேர்த்து நோக்கினாற் படம் மாறிவிடுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸின் பதினோராவது வாகை 1995இல் வந்தது. அதன்பின் 2025 வரை வேறில்லை. 1976இல் 32 ஆட்டங்களையும் வென்ற இந்தியானாவுக்கு, 2025 வரையிலான கடைசி வாகை 1987இல் கிட்டியதே. அந்த அணிக்குப் பின் 2025 வரை எந்த ஆடவர் அணியும் தோல்வியின்றி வாகை சூடவில்லை என்பது உண்மை. எனினும் அதனைக் கண்ணாற் கண்ட மாணவர் இன்று எழுபது வயதை எட்டியிருப்பர்.

கனெடிகட்டின் கதை இதற்கு நேர்மாறானது. ஸ்டாரஸ் என்னும் சிற்றூரில் 1881இல் வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கிய நிலையம் அது. 1986இல் ஜிம் கால்ஹூன் பொறுப்பேற்ற முதற் பருவத்தில் 9 வெற்றி, 19 தோல்வி. 1999க்கு முன் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளுள் அது ஒருமுறையேனும் இடம்பெற்றதில்லை. ஆனால் 1999, 2004, 2011, 2014, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் ஆறு வாகைகள். கடைசி இரண்டிலும் ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களுள் ஒவ்வொன்றையும் பதின்மூன்று புள்ளிகளுக்குக் குறையாத வேறுபாட்டில் வென்றது. இவ்வெற்றிகளுக்கு நடுவே ஒரு கறையும் உண்டு. ஆட்டக்காரரின் கல்வித் தேர்ச்சி குறைந்திருந்தமையால் 2013ஆம் ஆண்டுப் போட்டியில் அதற்கு இடம் மறுக்கப்பட்டது. கனெடிகட்டுக்கு ‘நீல இரத்தம்’ உண்டா என்று அமெரிக்கப் பத்திரிகைகள் வாதிட்டதை எண்ணினால் நகை பிறக்கிறது. அதே காலத்தில் வட கரோலினாவும் டியூக்கும் தலா மூன்று வாகைகளே பெற்றன. எனினும் அவற்றின் குருதியின் நிறத்தை எவரும் ஆராயவில்லை.

மகளிர் ஆட்டத்திலும் இதே நியதியைக் காண்கிறோம். கல்வியிற் பால் வேற்றுமையைத் தடுக்கும் சட்டம் 1972இல் வந்தது. அவ்வாண்டு தொடங்கிய மகளிர் தேசியப் போட்டியில், பென்சில்வேனியாவின் இம்மாகுலாட்டா என்னும் சிறு கத்தோலிக்கக் கல்லூரி முதல் மூன்று வாகைகளையும் சூடியது. பெரிய பல்கலைக் கழகங்கள் பொருளோடு புகுந்த பின் அச்சிறு கல்லூரியின் பெயர் மங்கிற்று. டென்னசியில் பேட் சம்மிட் எட்டு வாகைகளையும், கனெடிகட்டில் ஜீனோ ஆரியம்மா 2025 வரை பன்னிரண்டு வாகைகளையும் ஈட்டினர். வாயிலைத் திறந்தவர் ஒருவர். மாளிகையில் அமர்ந்தவர் வேறொருவர்.

இன்றோ தரவரிசையைக் கணிப்பொறிகள் வகுக்கின்றன. எதிரணியின் வலிமை, ஆடிய இடம், ஆட்டத் திறன் ஆகியவற்றைக் கணக்கிடும் புதிய முறை 2018 முதல் வழக்கில் உள்ளது. பணத்தின் கையும் ஓங்கியிருக்கிறது. 2021 முதல் ஆட்டக்காரர் தம் பெயரையும் உருவையும் கொண்டு பொருளீட்டலாம். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாகப் பங்கு வழங்கலாம். ஒரு கல்லூரியிலிருந்து மற்றொன்றிற்கு மாறுவதும் எளிதாயிற்று. பெயரை நம்பி வந்த மாணவர், இனிப் பொருளையும் வாய்ப்பையும் எடை போட்டு வருவர். பழம்பெருமைக்கு இது சோதனைக் காலமே.

தாயகத்தை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு முற்றும் அயலானதன்று. பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச்செழும்போது, ஊரை விட்டு நாம் புறப்பட்ட நாளில் எக்கல்லூரி சிறந்ததோ, அதனையே இன்றும் சிறந்ததெனக் கூறுகிறோம். நம் உள்ளத்திலுள்ள தரவரிசை அன்று ஏறிய புகைவண்டியோடு நின்றுவிட்டது. அப்பெயர்கள் பொய்யல்ல, பாடுபட்டு ஈட்டியவையே. ஆயினும் அங்கே இன்று கற்பிப்பவர் யார், அன்று வாயிலில் தடுக்கப்பட்டவர் யார் என்னும் இரு கேள்விகளையும் கேட்ட பின்னரே அவற்றை ஏற்பது தகும்.

மெக்லண்டனின் பெயர் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் 1979இல் பொறிக்கப்பட்டது. விளையாட்டுக்குத் தொண்டு செய்தவர் என்னும் வரிசையில். பயிற்சியாளர் என்னும் வரிசையில் அவர் பெயர் ஏறியது 2016இல். அவர் மறைந்து பதினேழு ஆண்டுகள் கழித்து. 1944இல் பூட்டிய கதவுக்குள் நடந்த அந்த ஆட்டமோ, எந்தத் தரவரிசையிலும் இன்றளவும் எண்ணப்படவில்லை.